நாற்பத்தொரு வாசகர்கள்

பெரம்பலூர்
9.6.85

அன்புள்ள அக்காவுக்கு,

வைத்தி எழுதுவது. வெயிலில் கழுத்தில் இரண்டு கொப்புளம், மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காவிட்டால்தான் கவலைப்படவேண்டும். அத்தையைக் கேட்டதாகச் சொல். நீ தட்டச்சுப் பள்ளிக்குப் பாடம் சொல்லித்தரப் போவதில் அத்தைக்கு இன்னும் முணுமுணுப்பு உண்டா?

பருத்தி மண்டியில் இப்போது வரத்து இல்லை. எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் வந்த வயிற்றெரிச்சலை உன்னிடம்தான் கொட்டமுடியும். இந்த ஊரில் காமிக்ஸ் என்றால் பல் தேய்க்கிற பொடியா என்று கேட்கிறார்கள்.

கோமேதகம் காமிக்ஸில் புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், நீலக்கழுகு என்று. அமெரிக்கச் சரக்கு. பகலில் ரிவர்டன் நகரத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவன்; ஆபத்து என்றால் நீல உடுப்பை மாட்டிக்கொண்டு பறப்பான். படம் நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்தான் தாங்கமுடியவில்லை. டாக்டர் பாதரசம் வங்கிக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்குகிறான். எதிரே நம் வீரன். 'நில், கொடியவனே!' என்றல்லவா சொல்லவேண்டும்? 'அட எடுபட்ட பயலே, எங்கடா ஓடுற?' என்கிறான். சந்தையில் வெங்காயத் திருடனைப் பிடிக்கிற மாதிரி!

'தமிழில்: மருதையன்' என்று போட்டிருக்கிறது. பெயரைப் பார்த்தால் மருதையாற்றங்கரை ஆள் போலிருக்கிறது. நம் பக்கத்து ஆள் என்பது இன்னும் அவமானம். எழுதத் தெரியாதவன் மாடு மேய்க்கட்டுமே, யார் வேண்டாமென்றது?

நீ படித்தாயா? உடனே எழுது.

உன் தம்பி,
வைத்திலிங்கம்


அரியலூர்
21.6.85

அன்புத் தம்பிக்கு,

உன் இன்லண்ட் கடிதம் வந்தது. கொப்புளத்துக்கு நுங்கு வாங்கித் தேய். மாமா முதுகுவலியோடு நேற்றும் லோடு ஏற்றிப் போனார். அத்தை சௌக்கியம், முணுமுணுப்பும் சௌக்கியம்.

நீலக்கழுகு படித்தேன். பறக்கிறவன் சட்டையில் பொத்தான் எத்தனை என்று எண்ணுகிற ஆள் நீ, உன்னை யாரால் திருப்திப்படுத்தமுடியும்? போன வருஷம் தீப்பொறி காமிக்ஸில் பனிமலை வேங்கை வந்தபோது 'ஆகா' என்றாய். அவன் மாதத்துக்கு ஒரு தடவை மலையிலிருந்து விழுகிறான், ஒவ்வொரு தடவையும் ஒரே மரக்கிளை வந்து பிடித்துக்கொள்கிறது. அந்தக் கிளைக்குத்தான் வீரச்சக்கரம் கொடுக்கவேண்டும். விழும்போதும் 'அந்தோ! என் ஆயுள் அஸ்தமிக்கிறதே!' என்று இலக்கணம் பார்த்துப் பேசுகிறான். விழுகிறவன் அப்படியா கத்துவான்? நீ கிணற்றில் விழுந்தபோது என்ன கத்தினாய் என்று நான் எழுதினால் தபால்காரர் சிரிப்பார்.

அது இருக்கட்டும். நீலக்கழுகில் வீட்டுக்காரம்மா ஒருத்தி வருகிறாளே, மிஸஸ் டாப்சன், அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? உன்னோடு புத்தகம் படிக்கிற பஸ் கண்டக்டர் வெள்ளைச்சாமி என்ன சொன்னார்? பேட்டைக் கடையில் புத்தகம் விற்றுப் போகிறதா? விவரமாக எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஜெகதாம்பாள்


பெரம்பலூர்
14.7.85

அன்புள்ள அக்கா,

கொப்புளம் ஆறிவிட்டது. இரண்டாம் இதழ் வந்து புதிதாகக் கிளப்பிவிட்டது. எல்லோரும் நலம்தானே?

மிஸஸ் டாப்சனைப் பற்றிக் கேட்டாயே, கேட்டுக்கொள். நீலக்கழுகு குடியிருக்கும் மாடி அறைக்குச் சொந்தக்காரி. கவுன் போட்ட வெள்ளைக்காரக் கிழவி. டாக்டர் பாதரசத்தைத் துரத்திவிட்டு அவன் ஜன்னலுக்கு நேராகப் பறந்து வருகிறான். கிழவி கரண்டியோடு நிற்கிறாள். அவள் வாயில் மருதையன் வைத்திருக்கிற வசனம் இது: 'ஒங்கப்பன் வூட்டு ஆகாசமா இது? எறங்குடா கீழ, சோறு ஆறிப்போவுது!'

வூடு! அச்சிட்ட புத்தகத்தில் வூடு! அடுத்த கட்டத்தில், 'வவுத்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டாடா ஊரச் சுத்துற?' என்கிறாள். ரிவர்டன் நகரத்தில் ஏது சோறு, ஏது ஈரத்துணி? படித்ததும் எனக்கு அறுவறுப்பு தாங்கவில்லை. இந்தப் பட்டிக்காட்டுப் பேச்சைக் கேட்கவா நான் புத்தகம் வாங்குகிறேன்? அதைத்தான் மண்டியில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்கிறேனே.

வெள்ளைச்சாமிக்கு விவரம் போதாது. பஸ்ஸிலேயே படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். 'அண்ணே, அந்தக் கெழவி வர்ற பக்கத்த மட்டும் மூணு தரம் படிச்சேன்'னு சொல்கிறான். நான் ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டான். கடைக்காரர் பூமாலையைக் கேட்டேன். பத்துப் பிரதியும் போய்விட்டதாம். ஊரில் பத்து முட்டாள்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

வைத்தி


அரியலூர்
11.8.85

தம்பிக்கு,

தாமதமாக எழுதுகிறேன். தட்டச்சுப் பரீட்சை வருகிறது, பிள்ளைகளுக்கு விரல் ஓடவில்லை. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ரிவர்டன் நகரத்துக் கிழவி எப்படிப் பேசவேண்டும் என்கிறாய்? அவள் பேசுவது இங்கிலீஷ். அதை எந்தத் தமிழில் சொன்னாலும் பொய்தான். 'மகனே, உணவு குளிர்ந்துவிடும், விரைந்து இறங்குவாயாக' என்றால் உண்மையாகிவிடுமா? அப்படிப் பேசுகிற கிழவியை நீ பெரம்பலூரில் பார்த்திருக்கிறாயா, அமெரிக்காவில் பார்த்திருக்கிறாயா?

பிடிக்காவிட்டால் விட்டுவிடு. கடையில் வேறு புத்தகம் தொங்குகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெகதா


பெரம்பலூர்
8.9.85

அன்புள்ள அக்கா,

சுகம். சுகத்துக்கு எழுது. உன் கடிதத்தில் ஏனோ காரம் தூக்கலாக இருந்தது. பரீட்சை வேலையில் தூக்கம் இல்லையோ என்னவோ.

விட்டுவிடச் சொல்கிறாய். நான் விடுகிற ஆளா? நாலாம் இதழும் வந்துவிட்டது. இந்தத் தடவை கிழவி டாக்டர் பாதரசத்தையே விளக்குமாற்றால் அடிக்கிறாள். அடித்துக்கொண்டே, 'நாறப்பயலே, நீயும் ஒரு ஆத்தா வவுத்துல பொறந்தவன்தானா?' என்று கேட்கிறாள். உலகத்தையே உருக்கிவிடக்கூடியவன் தலைகுனிந்து நிற்கிறான். இங்கிலீஷில் இப்படி இருக்கவே இருக்காது. மருதையன் தன் வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து இதில் ஏற்றுகிறான்.

'வாசகர் மேடை'க்கு ஒரு கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை. ஒற்றைக் குரலுக்கு மதிப்பில்லை போலும். ஆகவே ஒரு திட்டம். நாற்பது கடிதம் போகப்போகிறது, நாற்பது பெயரில், நாற்பது ஊரிலிருந்து. வெள்ளைச்சாமி முதலில் மறுத்தான். 'ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளிப் போடுற வேல எனக்கு வேணாம்ணே'ன்னான். மொழிக்காகச் செய்கிறோம் என்று விளக்கினேன். கடைசியில், தபாலில் போடுவது மட்டும் என்று ஒப்புக்கொண்டான். அவன் பஸ் போகிற வேப்பந்தட்டை, வாலிகண்டபுரம், குன்னம் எல்லாத் தபால்பெட்டியிலும் கார்டு விழும். முத்திரை வேறு வேறாக இருக்குமல்லவா?

உன் பெயரிலும் ஒன்று எழுதலாமா? பெண் வாசகர் என்றால் ஆசிரியர் பயப்படுவார். வேண்டாமென்றால் எழுது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

தம்பி வைத்தி


பெரம்பலூர்
24.11.85

அன்புள்ள அக்கா,

மூன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கு வரலாமென்றால் மண்டியில் வரத்து நேரம், விடவில்லை. மாமாவுக்கு லாரியில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்து வெள்ளைச்சாமியை விசாரிக்கச் சொன்னேன். எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னான். பின்னே என்ன? பேனா தேய்ந்துவிடுமா?

நீ பதில் போடாததால் உன் பெயரையும் சேர்த்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. ஜெயித்துவிட்டோம்! இந்த மாத இதழில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள்: 'வாசகர்களின் விருப்பத்துக்கிணங்க மொழிபெயர்ப்பாளர் மாற்றப்பட்டுள்ளார்.' பூமாலை கடையில் அதை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆனால் வந்திருக்கிற புது ஆளைப் பார்த்தால் பழையவனே தேவலை போலிருக்கிறது. இவன் இங்கிலீஷ் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு கற்பூரம் ஏற்றிவிட்டு எழுதுகிறவன். ஆச்சரியப்பட்டால் 'ஓ, என் நல்லதனமே!' என்கிறான். கிழவிக்கு ஒரே வசனம்: 'நீ தாமதம், திரு. கழுகு.' கரண்டி கையில் இருக்கிறது, வாயில் ஒன்றுமில்லை. வெள்ளைச்சாமி நாலு பக்கம் படித்துவிட்டு, பின்சீட்டில் யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டானாம். திருப்பிக்கூடக் கேட்கவில்லையாம். இவனுக்கும் கார்டு எழுத ஆரம்பிக்கவேண்டியதுதான்.

பதில் எழுது, அக்கா.

வைத்தி


அரியலூர்
8.12.85

வைத்திக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

மருதையன் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆறு மாதம் பிடித்திருக்கிறது. போன தை மாதம் தட்டச்சுப் பள்ளிக்கு ஒரு பத்திரிகை வந்தது. அதில் கோமேதகம் காமிக்ஸுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றிருந்தது. எழுதிப் போட்டேன். இரண்டு பக்கம் அனுப்பிச் செய்துகாட்டச் சொன்னார்கள். செய்தேன். அதிலிருந்து படக்கதைக் கட்டுகள் பள்ளி விலாசத்துக்குத்தான் வரும். பாடம் முடிந்து பிள்ளைகள் போனபின் அங்கேயே தட்டச்சு செய்து அனுப்புவேன். உன் மாமாவுக்குத் தெரியாது. 'படிச்ச பொம்பளைக்கு இதுதான் வேலையா?' என்பார் என்று சொல்லவில்லை. ஆண் பெயர் வைத்துக்கொண்டதும் அதனால்தான். ஆசிரியருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

உன்னிடம் மட்டும் சொல்ல ஆசைப்பட்டேன். முதல் இதழ் வந்ததும், என் தம்பி யார் எழுதியது என்று தெரியாமலே படித்து என்ன சொல்கிறான் பார்ப்போம், அப்புறம் சொல்வோம் என்றிருந்தேன். மாடு மேய்க்கச் சொன்னாய். பிறகு எந்த வாயால் சொல்வது?

அதுகூடப் பரவாயில்லை. நீ வைதால் வைதுவிட்டுப் போ, உன் குணம் எனக்குத் தெரியாதா? ஆனால் அக்டோபரில் ஆசிரியர் ஒரு கட்டு அனுப்பினார். 'வாசகர் கருத்து இப்படி இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது, மன்னிக்கவும்' என்று மேலே ஒரு சீட்டு. உள்ளே நாற்பத்தொரு கார்டு. வகுப்பு முடிந்து, உறை போட்ட மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பச்சை மை, நீல மை, பென்சில். ஒன்றில் இடது கையால் எழுதியிருக்கிறாய். நாற்பத்தொன்றிலும் 'அருவருப்பு' என்பதை 'அறுவறுப்பு' என்றே எழுதியிருக்கிறாய். எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வசவு எழுதத் தெரியாதவன் என் தமிழைத் திருத்த வந்தான்.

நடுவில் என் கார்டு இருந்தது. 'ஒரு குடும்பப் பெண் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மருதையன் எழுதுவதை வீட்டில் வைக்கவே கூசுகிறது. இப்படிக்கு, ஜெகதாம்பாள், அரியலூர்.' என்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பெருக்க வந்த கலியம்மாள்தான், 'என்னங்க டீச்சர், ஊர்ல யாருக்காச்சும் ஒண்ணு ஆயிடுச்சா?'ன்னு கேட்டாள். இல்லை என்றேன்.

செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பாய். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். 'வேண்டாம்' என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். நீயாக நிறுத்திவிடுவாய் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த முட்டாள்தனம் என்னுடையது.

வேலை போனதற்குக்கூட நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஒன்றைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. மிஸஸ் டாப்சன் பேசுவது யார் பேச்சு என்று உன் காதில் ஒரு தடவைகூட விழவில்லையா? வவுத்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டாடா ஊரச் சுத்துற என்று உன்னை யார் கேட்டது? ஒங்கப்பன் வூட்டு ரோடா என்று உன்னை நடுத்தெருவிலிருந்து காதைப் பிடித்து இழுத்து வந்தது யார்? அம்மா செத்து மூன்று வருஷம்தான் ஆகிறது, வைத்தி. நான் அவளை எங்கேயாவது பேசவைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவளைத்தான் நீ பட்டிக்காட்டுப் பேச்சு என்று நாற்பத்தொரு தடவை எழுதி, ஊர் ஊராகத் தபாலில் போட்டிருக்கிறாய்.

இதற்குப் பதில் வேண்டாம்.

ஜெகதாம்பாள்


பெரம்பலூர்
2.2.86

அக்கா,

உடம்பை விசாரிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எல்லோரும் நலமா?

பொங்கல் சீரை வெள்ளைச்சாமி கையில் கொடுத்து அனுப்பியது தப்பு. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வெல்லத்தையும் வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, 'அவனுக்குக் காலு இல்லியா?' என்று கேட்டாயாமே. 'கால் இருக்குதுங்க, மூஞ்சிதான் இல்ல'ன்னு வெள்ளைச்சாமி சொன்னானாம். என்னிடம் வந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். இப்போதெல்லாம் அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று மண்டிக்குப் போகவில்லை. ஐந்து இதழையும் எடுத்து வைத்துக்கொண்டு கிழவி பேசுகிற கட்டங்களை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். முதல் வசனத்திலேயே நாக்கு தடுக்கியது. கண்ணால் படித்தபோது எனக்கு அது எழுத்துதான். வாயால் சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து அறைக்காரர் வந்து, 'என்னங்க, ஊர்லருந்து அம்மா வந்திருக்காங்களா?'ன்னு கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: காதில் விழவில்லை. மண்டியில் வெள்ளைச்சட்டை போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து நான் வீடு, வயிறு என்று வாயைச் சுளித்துச் சொல்லிப் பழகிவிட்டேன். முதலாளி எதிரில் வூடு என்று வந்துவிட்டால் அன்று முழுக்கக் கூசும். அம்மா ஒரு தரம் மண்டிக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். 'வைத்தி, வூட்டுக்கு வராமயே பூட்டியே'ன்னு எல்லோர் எதிரிலும் சொன்னாள். 'இங்கெல்லாம் வராதே' என்று அவளை அனுப்பிவிட்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள்.

கோமேதகம் ஆசிரியருக்கு எழுதிவிட்டேன், சொந்தப் பெயரில், சொந்தக் கையெழுத்தில். 'நாற்பத்தொரு கடிதமும் நான் ஒருவன் எழுதியது. வேறு ஒரு வாசகரும் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடையில் பத்துப் பிரதியும் விற்றது. மருதையன் எழுதியதுதான் தமிழ். பிரசுரிக்கவும்' என்று எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. 'அருவருப்பு' என்ற சொல்லைப் போடவேண்டிய இடத்தில் போட்டிருக்கிறேன், என்னைப் பற்றிச் சொல்லும்போது. அகராதி பார்த்துத்தான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வைத்தி


அரியலூர்
13.4.86

வைத்திக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு முதுகுக்கு எண்ணெய் போட்டு ஒத்தடம் கொடுக்கிறோம்.

உன் கடிதத்தை 'வாசகர் மேடை'யில் முழுசாகப் போட்டிருந்தார்கள். படித்தேன். நீ எழுதியதிலேயே பிழையில்லாத கடிதம் அதுதான். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவாய் என்று தெரியும், திரி.

ஆசிரியர் எனக்கு எழுதினார். புது ஆள் எழுதியதை அச்சுக் கோர்க்கிறவரே படிக்க மறுக்கிறாராம், திரும்ப வந்து எழுதவேண்டும் என்றார். நான் ஒரு பெண் என்று சொல்லி, என் சொந்தப் பெயரைப் போட்டால் எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். பறந்து சண்டை போடுகிற கதைக்குப் பெண் பெயர் போட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று இழுத்தார். 'பெரம்பலூர்ப் பக்கம் நாற்பத்தொரு பேர் இருப்பதாக நம்பினவர் நீங்கள். அரியலூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று நம்புவது அவ்வளவு கஷ்டமா?' என்று எழுதினேன். அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லிப் பக்கங்களை அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை பள்ளியில் ஒளித்து வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மாமா எதிரிலேயே விரித்தேன். பார்த்தார். 'பொம்மப் பொஸ்தவமா? இத கிளீனர் பய லாரிக்கு அடியில படுத்துக்கிட்டுப் படிப்பான். இதுல ஒம்பேரா?' என்றார். 'ஆமா, எம்பேருதான்' என்றேன். அனுமதி கேட்கவில்லை. மூன்று நாள் பேச்சில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், எழுந்து போவார். அத்தைக்குத்தான் கொண்டாட்டம்.

நாலாம் நாள் லோடு இறக்கிவிட்டு வந்தார். பக்கங்கள் பலகை மேல் கிடந்தன. கை கழுவாமலே எடுத்துப் புரட்டினார். நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, 'ஏம்மே, இந்தக் கெழவி பேசுறது ஒங்கம்மா பேசுறாப்லயே இருக்குது' என்றார். சட்டியைக் கிளறிக்கொண்டே நின்றேன்.

வாழ்நாளில் ஒரு காமிக்ஸ் படிக்காத லாரி டிரைவர், ஒரு தடவை புரட்டினதில் கண்டுபிடித்தார். நீ இருபது வருஷமாகப் படிக்கிறாய்.

ஜெகதா


பெரம்பலூர்
11.5.86

பேரன்புமிக்க அக்கா அவர்களுக்கு,

தங்கள் நலமும் மாமா அவர்களின் நலமும் அத்தை அவர்களின் நலமும் அறிய மிக்க ஆவல்.

மே இதழ் கிடைத்தது. 'தமிழில்: ஜெகதாம்பாள்' என்று பார்த்ததும் எனக்கு உண்டான பூரிப்பைச் சொல்ல வார்த்தைகள் இல்லை. தங்கள் மொழிநடை தேனும் பாலும் கலந்ததுபோல் இனிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு முத்து. இப்படிப்பட்ட தமிழாக்கம் இதுவரை வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. வெள்ளைச்சாமியும் மிகவும் பாராட்டினான்.

கடைக்குப் போனால் பூமாலை, 'வாங்க, நாப்பத்தோரு பேரும் வாங்க! ஒக்கார பெஞ்சு பத்தாதே!' என்கிறார். எனக்கு அது வேண்டும்தான்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
வைத்திலிங்கம்


அரியலூர்
18.5.86

வைத்தி,

எல்லோரும் சௌக்கியம். உனக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது.

'அக்கா அவர்களுக்கு' என்று எழுதியவன் யாரடா? தேனாம், பாலாம், முத்தாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனிடம் கொடுத்து எழுதி வாங்கினாயா? இதற்கு அந்த நாற்பத்தொரு கார்டே மேல். அவற்றில் ஒன்றைக்கூட நீ புத்தகத்தைப் படிக்காமல் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை நீ புத்தகத்தைப் பிரிக்காமலே எழுதியிருக்கலாம்.

எனக்கு இங்கே சொல்ல ஆள் இல்லை. ஆசிரியர் 'நன்று' என்று ஒரு வார்த்தை எழுதுவார். மாமா கிழவி வருகிற பக்கத்தை மட்டும் பார்ப்பார். தப்பு நடந்தால் தப்பு என்று சொல்ல உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு திமிர் பிடித்த தம்பி. அவனும் இப்போது சாமரம் வீசுகிறான்.

மே இதழில் ஒரு கட்டத்தில் வேண்டாத ஒரு வேலை செய்துவிட்டேன். பரீட்சைத்தாள் திருத்துகிற அவசரத்தில், இங்கிலீஷில் இருந்ததை அப்படியே மாற்றிப் போட்டுவிட்டேன். அச்சான பிறகு கண்ணில் பட்டது. மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தக் கட்டம் என்று நான் சொல்லமாட்டேன். நீ படிக்கத் தெரிந்தவனாக இருந்தால் எழுது. இல்லையென்றால் பொங்கலுக்கு மட்டும் வந்துவிட்டுப் போ.

ஜெகதா


பெரம்பலூர்
22.5.86

அக்கா,

இங்கே எல்லாம் வழக்கம்போல். அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

இருபத்தாறாம் பக்கம், கடைசிக் கட்டம். ரிவர்டனில் கட்டடம் இடிந்து விழுகிறது. நீலக்கழுகு பாய்ந்து வந்து கிழவியைத் தூக்கிக்கொண்டு பறந்து பத்திரமாக இறக்குகிறான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டு, 'நன்றி' என்கிறாள்.

எந்த அம்மா மகனுக்கு நன்றி சொல்லுவாள்? நம் அம்மா ஒரு நாளாவது யாருக்காவது அந்த வார்த்தையைச் சொல்லி நீ கேட்டதுண்டா? நான் திருச்சி ஆஸ்பத்திரியில் பத்து நாள் அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். கடைசியில் கண் திறந்தபோதும், 'சாப்புட்டியாடா?' என்றுதான் கேட்டாள். மிஸஸ் டாப்சனும் அதைத்தான் கேட்டிருக்கவேண்டும். நன்றியாம்!

படுகேவலம். அடுத்த இதழிலாவது ஒழுங்காக எழுது.

வைத்தி